துஆவின் நடுவே ஓர் இறால்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஸ்டூடியோ முதலாளி ஹாஜியார் நீட்டிய கைபேசியில் நான் முதலில் கண்டது பச்சை வர்ணம் பூசிய ஓர் அலுமாரிக் கதவை. கதவின் கண்ணாடியில் ஜன்னலின் பாதி தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து இடுப்பு வரை விழுந்திருந்தது. உதடுகளுக்கிடையில் ஒரு கொண்டையூசி. அதைக் கடித்தபடியே, யாரோ சொன்ன பகிடிக்கு, முகத்தைப் பாதி திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அலுமாரியை எனக்குத் தெரியும். முந்திய வாரம் முழுவதும் எடிட்டிங் திரையில் அதைப் பார்த்திருந்தேன். கல்யாண வீட்டில் மணமகள் உடுத்திய அறை அது. படத்தில் நின்றவர் மணமகளின் மூத்த சகோதரி. ஓர் ஆசிரியை. முகத்தை மூடாமல் தெருவில் இறங்காதவர். அந்த அறைக்குள் எந்த ஆணும் போகவில்லை. காட்சியை எடுத்தவரும் பெண், வெட்டி ஒட்டியவர்களும் பெண்கள்.

“இது ஆம்பிளைகள்ட படத்துக்குள்ள வந்திரிக்கி,” என்றார் ஹாஜியார். “துஆவுக்கு நடுவுல.”

கட்டாரில் இருந்த மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் படத்தைப் பார்க்கும்போது ஏதோ மின்னி மறைந்ததாம். பின்னால் இழுத்து, நிறுத்தி, அந்தக் கணத்தைப் படமாகப் பிடித்து மணமகளின் தம்பி இர்ஃபானுக்கு அனுப்பியிருக்கிறார். இர்ஃபான் அதைத் தன் மாமாவுக்கு அனுப்பினார். மாமா ஹாஜியாருக்கு அனுப்பினார். ஒரு பெண்ணின் கண்ணியம் கெட்டுவிட்டது என்று முறையிடுவதற்காக, அந்தக் கண்ணியத்தை ஒவ்வொருவராக அடுத்தவரின் கைபேசிக்குக் கடத்தியிருந்தார்கள். என்னிடம் வந்து சேரும்வரை அதைப் பார்த்த எல்லாரும் ஆண்கள்.

இது நடந்து பல வருடங்கள். இப்போது நான் அந்த வேலையில் இல்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், கைபேசியிலேயே படத்தை வெட்டி ஒட்டி மண்டபத்தை விட்டு வெளிக்கிடுமுன் அனுப்பிவிடுகிற பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “ராத்தா, ரெண்டர் முடிஞ்ச பொறகும் நீங்க முழுப் படத்தையும் குந்தி இருந்து பாப்பீங்களாமே, மெய்யா?” என்று ஒருத்தி, என்னை அக்கா முறை வைத்துக் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஓம் என்றேன். ஏன் என்பதைச் சொல்ல அங்கே நேரமிருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்குபவராகத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கு பழகியது ஒன்றே ஒன்று: மேசையில் சரியாக இருந்த பக்கம் அச்சில் சரியாக இருக்கும் என்று நம்பக்கூடாது. முதல் பிரதி இயந்திரத்திலிருந்து விழுந்ததும், மை காயுமுன், ஒருவர் அதைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். பிறகுதான் மீதி அச்சாகும். கல்யாணம் முடித்துப் புத்தளத்துக்குத் திரும்பியபோது இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தேன். ஹாஜியாரின் ஸ்டூடியோவில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த பெண்கள் அறையில் என் மீதி வேலைக்காலம் போனது.

எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு இரண்டு படம். ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. ஆண்கள் படத்தில் நிக்காஹ், பயான் என்கிற மார்க்கப் பேச்சு, துஆ என்கிற பிரார்த்தனை, பிறகு சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடுவது. பெண்கள் படத்தில் உடுத்துவது, மருதாணி, பாட்டு, அழுகை. இரண்டும் சந்திப்பது ஓர் இடத்தில் மட்டும். தாலி கட்டுவதற்காக மாப்பிள்ளை திரையைத் தாண்டி உள்ளே வருவார். ஆண்கள் படம் திரைக்கு வெளியே முடியும். பெண்கள் படம் அதற்கு உள்ளே தொடரும். பெண்கள் படத்தை மணமகளின் கையில் மட்டும் கொடுப்போம். அதன் காட்சிகள் தனிக் கணினியில் இருக்கும். வேலை முடிந்ததும் அவற்றை ஏற்றிய டிஸ்க் அலுமாரிக்குள் போகும். சாவி என்னிடம்.

ரெண்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நாங்கள் வெட்டி ஒட்டும்போது காட்சிகள் உண்மையில் ஒட்டுவதில்லை. எது எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லி வைக்கிறோம், அவ்வளவுதான். கடைசியில் அது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாகச் சமைத்துத் தருகிறது. எடிட்டிங் திரையில் நாம் பார்ப்பது வாக்குறுதி. ரெண்டர் முடிந்து வருவதுதான் படம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பல தடவை இருப்பதில்லை.

முன்னேஸ்வரம் திருவிழாப் படம் ஒன்றில் தேரின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சையாக வந்தது. எடிட்டிங் திரையில் தேர் தேராகத்தான் இருந்தது. இன்னொரு படத்தில் துஆ ஓதும் லெப்பையின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி, அவர் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தது. தலைப்பில் மணமக்களின் பெயர்கள் உருக்குலைந்து கட்டங்கட்டமாக வருவது ஒரு காலத்தில் வாராந்த விடயம். எல்லாவற்றையும் பிடித்தது ஒரே வழியில்தான்: ரெண்டர் முடிந்த படத்தை, ஓட்டித் தள்ளாமல், ஒருவர் முழுதாகப் பார்ப்பது.

ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல. குரலை உயர்த்த மாட்டார். வெறுந்தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே நாம் சொல்வதை முழுதாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, “ஓம், பாப்பம்,” என்பார். அந்தச் சொல்லோடு விடயம் முடிந்துவிடும். பச்சைத் தேருக்கும் அதுதான், ஸ்டூடியோவின் இறங்கிப்போன கூரைக்கும் அதுதான். கோபப்படுகிற முதலாளியோடு சண்டை பிடிக்கலாம். “பாப்பம்” என்பவரோடு என்ன செய்வது?

அவர் ஒரு நாள் புதிய கணினி ஒன்றை வாங்கி வந்தார். கூடவே, வீட்டில் இருப்பவரும் சுலபமாகப் பாவிக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு மென்பொருள். பழைய இரண்டு கணினிகளும் போயின. இனி இரண்டு படத்தையும் ஒரே புரொஜெக்டில், அதாவது ஒரே வேலைக்கோப்புக்குள், செய்யச் சொன்னார். மாப்பிள்ளை திரையைத் தாண்டும் காட்சிக்கு இரண்டு தரம் நிறம் திருத்தத் தேவையில்லையாம்.

“ஹாஜி, பொம்பளைப் பக்கத்தையும் ஆம்பிளைப் பக்கத்தையும் ஒரே எடத்துல போடுறது சரியில்ல,” என்றேன்.

“கம்பியூட்டருக்கு ஆம்பிளை பொம்பளை தெரியுமா ராத்தா?”

“அதுக்குத் தெரியாது எண்டுதான் சொல்றன்.”

“ஓம், பாப்பம்.”

என்னோடு வேலை செய்தவள் ஜெஸீமா. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். ஆனால் அவள் பிறந்தது புத்தளத்தில், படித்தது புத்தளத்தில், புத்தளத்தைத் தவிர வேறு ஊரில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. வாப்பா இல்லை. உம்மாவும் அவளும் அவளுடைய சம்பளத்தில் இருந்தார்கள். வேலை சுத்தம். ஒரு காட்சியை எங்கே வெட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நான் சொல்வதற்குள் வெட்டியிருப்பாள்.

அந்தக் கல்யாணத்தின் ஆண்கள் படத்தை அவள்தான் செய்தாள். ரெண்டர் கோடு கடைசியைத் தொட்டதும் ஹாஜியார் திரைச்சீலைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை கட்டாருக்குப் போக வாகனத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார், படம் உடனே வேண்டும் என்றார்.

“ஹாஜி, இன்னும் பாக்கல்ல,” என்றாள் ஜெஸீமா.

“கல்யாணத்தையே பாத்தாச்சு புள்ள. படத்தையும் பாக்கணுமா?”

“வழமை ஒண்டு இரிக்கி ஹாஜி,” என்றேன் நான்.

“பொம்பளைப் பக்கம் எண்டாப் பாருங்க. இது ஆம்பிளைகள்ட பக்கம்தானே. என்ன வந்திடப் போகுது?”

பென் டிரைவை வாங்கிக்கொண்டு போனார். வந்தது எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அலுமாரிக்கு முன்னால் நின்ற பெண்ணின் படம் ஹாஜியாரிடம் வந்த அதே காலையில், ஊர்ச் செய்திகளுக்கான வாட்ஸ்அப் குழுவில் இர்ஃபானின் குரல்பதிவு ஒன்று வந்தது. பத்திரிகைக் காலத்துப் பழக்கத்தில் நானும் அந்தக் குழுவில் இருந்தேன். புத்தளம், கற்பிட்டி, சிலாபம் வரை கடைக்காரர், ஸ்டூடியோக்காரர், பள்ளி நிர்வாகத்தார் எல்லாரும் அதில் இருந்தார்கள். “எங்கட குடும்பத்துப் பொம்பளையை வேணுமெண்டே ஆம்பிளைகள்ட படத்துல செருகி விட்டிரிக்காள். அகதி முகாம்ல வளந்ததுகள வேலைக்கு வெச்சா இப்பிடித்தான். பேரு ஜெஸீமா. யாரும் வேலை குடுத்திடாதீங்க.” குரல் நடுங்கவில்லை. முன்கூட்டியே சொல்லிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்த குரல்.

அவள் பெயரைச் சொன்னார். மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை. படத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போன ஹாஜியாரின் பெயரையும் சொல்லவில்லை.

ஹாஜியார் அவளைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கச் சொன்னார். கற்பிட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கேட்டாள். ஆள் தேவையில்லை என்றார்கள். சிலாபத்தில் பெயரைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். “குழுவுல இர்ஃபான் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே எடுக்கிறன்,” என்றார் ஹாஜியார். ஆக, அவளுடைய சோறு ஒரு மனிதரின் ஒரு வார்த்தையில் தொங்கியது.

படத்தில் இருந்த பெண்ணே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “யாரு செருகின எண்டு எனக்கு வேணாம் ராத்தா. இப்ப அது யார் யார்ட போன்ல கிடக்கு எண்டு சொல்ல ஏலுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவருடைய வீட்டில் வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். நேரம், காட்சி, கணினியின் விபரம் எல்லாம் எழுதினேன். என் பொறுமைக்கு நன்றி சொல்லிப் பதில் வந்தது. நான் பொறுமையாக இருப்பதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. மூலக் காட்சிகளை அப்படியே அனுப்பினால் ஆராய்வதாகச் சொன்னார்கள். அதாவது, மணமகள் உடுத்தும் அறையை முன்பின் தெரியாதவர்கள் திறந்து பார்க்க வேண்டும். முடியாது என்றேன். அப்படியானால் கணினியின் மென்பொருள்களைப் புதுப்பித்துப் பார்க்கும்படி அறிவுறுத்தினார்கள்.

அங்கேதான் எனக்கு விடயம் முழுதாக விளங்கியது. பிழை மென்பொருளுடையது என்று நிரூபிக்க, அதைத் திரும்ப நடத்திக் காட்ட வேண்டும். திரும்ப நடத்தினால் மறுபடியும் ஒரு பெண்ணின் முகம் வரும். தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஆண்கள். அவர்களுக்கு ஆதாரத்தைக் காட்டுவதே குற்றம்.

வழியைக் கண்டுபிடித்தவள் ஜெஸீமா. நான் அவளுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். “ராத்தா, பொம்பளைக் கிளிப் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, அதே பேர்ல வேற எதையாவது வெச்சா என்ன?” என்றாள். மென்பொருள் காட்சிகளைப் பெயரையும் இடத்தையும் வைத்துத்தான் தேடுகிறது. அதே பெயரில் வேறு காட்சி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும்.

“எதை வெப்பம்?”

“நாங்க செஞ்ச முந்தல் இறால் பண்ணை விளம்பரம் கிடக்குத்தானே. அதுகள்ட மானம் போனா வாட்ஸ்அப்ல யாரும் அழ மாட்டாங்க.”

அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பெண்கள் காட்சிகள் முழுவதையும் டிஸ்க்கில் ஏற்றி அலுமாரியில் பூட்டினேன். தற்காலிகமாகச் சேர்ந்திருந்தவற்றையும் கணினியிலிருந்து அழித்தேன். அந்தப் பெயர்களில் இறால் பண்ணைக் காட்சிகளை வைத்தோம். தடாகத்தில் சுழலும் சக்கரங்கள், வலை, துள்ளும் இறால். ஆண்கள் படத்தின் வெட்டு ஒட்டு ஒன்றையும் தொடவில்லை. ஆண்கள் எங்கள் அறைக்குள் வர முடியாது என்பதால் கணினியை முன்கடைக்குத் தூக்கி வந்தோம். இர்ஃபானை வரச்சொல்லும்படி ஹாஜியாரை வற்புறுத்தினேன். “பாப்பம்,” என்றார். இப்போதே என் கண் முன்னால் பேசும்படி சொன்னேன். பேசினார்.

இர்ஃபான் பின்னேர அஸர் தொழுகை முடிந்து வந்தார். இளைஞர், மரியாதையானவர், காணி வாங்கி விற்பவர். ஸலாம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். எதிரே மற்றொரு கதிரையில் இருந்த ஜெஸீமாவைப் பார்க்கவே இல்லை.

முதலில் எடிட்டிங் திரையில் படத்தை ஓட்டிக் காட்டினேன். ஆண்கள் மட்டும்தான். பிறகு மௌஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“ரெண்டர் பொத்தானை நீங்களே அமத்துங்க தம்பி.”

“நான் என்னத்துக்கு?”

“வேற யாரும் கை வெக்கல்ல எண்டு நீங்க சொல்லணும். அதுக்கு.”

அமத்தினார். கோடு மெதுவாக நகர்ந்தது. ஹாஜியார் தேநீர் வரவழைத்தார். முடிந்ததும் படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினோம். நிக்காஹ். பயான். லெப்பை கைகளை ஏந்தி துஆ ஓதத் தொடங்கினார். வரிசையாகத் தலைகள் குனிந்தன. ஏதோ மின்னியது.

“நிப்பாட்டுங்க,” என்றார் இர்ஃபான்.

பின்னால் இழுத்து ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தினேன். ஏந்திய கைகள். ஏந்திய கைகள். வலை நிறைய இறால். மறுபடி ஏந்திய கைகள்.

“இது என்ன?”

“இறால்.”

“யாரு போட்ட?”

“பொத்தானை அமத்தின நீங்க,” என்றாள் ஜெஸீமா. அவள் அன்று அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

ஹாஜியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இர்ஃபான் நம்பவில்லை. இன்னொரு தரம் செய்யச் சொன்னார். இன்னொரு தரமும் அவரே அமத்தினார். இந்த முறை துஆ சுத்தமாக வந்தது. சாப்பாட்டுக் காட்சியில், சஹனைச் சுற்றியிருந்தவர்கள் கையை வைக்கும் நேரம், தட்டு மறைந்து தடாகத்துச் சக்கரம் சுழன்று, இறால் துள்ளி மறைந்தது.

“சஹன்ல இறால் வாறது பெரிய அதிசயமில்லயே,” என்று இர்ஃபான் சிரித்தார். ஹாஜியாரும் சிரித்தார். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். பாரம் இறங்கிய சிரிப்பு. ஜெஸீமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகமாக வேலை செய்வதற்காகக் காட்சிகளின் துண்டுகளை அந்த மென்பொருள் ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. ரெண்டர் செய்யும்போது சிலவேளை பக்கத்துத் துண்டை மாறி எடுத்துவிடுகிறது. நான் அனுமானித்தது இவ்வளவுதான். இரண்டு படமும் தனித்தனியாக இருந்தவரை மாறி எடுக்கப் பக்கத்தில் எதுவும் இருக்கவில்லை. இதைச் சொன்னபோது ஹாஜியார் வாசலில் போன வாகனத்தைப் பார்த்தார்.

“தம்பி,” என்றேன் இர்ஃபானிடம், “பத்திரிகையில பிழையா ஒரு ஆள்ட பேரைப் போட்டா, அதே பக்கத்துல திருத்தம் போடணும். நீங்க சொன்ன அதே குழுவுல, அதே மாதிரி உங்கட குரல்ல, இந்தப் புள்ள செய்யல்ல எண்டு சொல்லுங்க. அகதி எண்டு சொன்னதையும் வாபஸ் வாங்குங்க.”

“அது கோவத்துல வந்த வார்த்தை ராத்தா.”

“கோவத்துல வந்தது எல்லார்ட காதுலயும் இரிக்கி.”

“சரி ராத்தா, போடுறன். இண்டைக்கே போடுறன், வல்லாஹி,” என்று சத்தியம் செய்தார்.

“உங்கட மூத்த ராத்தாட படத்தையும் எல்லாரையும் அழிக்கச் சொல்லுங்க.”

“நான் அப்பவே அழிச்சிட்டன்.”

“நீங்க அனுப்பின ஆக்கள்?”

இர்ஃபான் எழுந்து, ஹாஜியாரின் கையைப் பிடித்து ஸலாம் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஜெஸீமாவின் பக்கம் திரும்பி, “மனசுல வெச்சிக்காதீங்க தங்கச்சி,” என்றார். அவள் தலையசைத்தாள்.

இறால் வந்த படத்தை மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பினேன். தங்கள் கணினிகளில் அப்படி நடக்கவில்லை என்று பதில் எழுதி, முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து வந்த புதிய பதிப்பின் குறிப்பில், ரெண்டரின் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது என்று ஒரு வரி இருந்தது. எது நிலையற்று இருந்தது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று எழுதியிருக்கவில்லை. பத்திரிகையில் இப்படி ஒரு திருத்தம் போட்டிருந்தால் எங்கள் ஆசிரியர் பக்கத்தைக் கிழித்து எறிந்திருப்பார்.

இர்ஃபான் வந்துபோன அன்று ஜெஸீமா வீட்டுக்குப் போகாமல் என்னோடு ஸ்டூடியோவிலேயே இருந்தாள். பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் வரும் வரை இருவரும் என் கைபேசியை மேசையின் நடுவில் வைத்துக்கொண்டு அவருடைய குரல்பதிவுக்காகக் காத்திருந்தோம். இர்ஃபான் குழுவில் ஒரு செய்தி போட்டார். மாம்புரியில் கடற்கரையை அண்டிய ஒரு தென்னங்காணி விற்பனைக்கு இருக்கிறது, காய்க்கிற மரங்கள், கிணறும் உண்டு, விரும்புபவர்கள் தொடர்புகொள்ளவும்.